கடலில் இறக்கிவிட்டால் மட்டும் வாழிடம் ஆகிவிடாது

பழைய கப்பலொன்றைக் கடலடியில் அமர்த்திய சில வாரங்களிலேயே, அதைச் சுற்றி மீன்கள் திரண்டு நிற்கும் படங்கள் வெளியாகிவிடுகின்றன. அப்படங்களைச் சான்றாகக் காட்டி, கடலுயிர்களுக்குப் புதிய வாழிடம் கிடைத்துவிட்டது என்றும், பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்குப் புதிய தளம் கிடைத்துவிட்டது என்றும் ஒரே மூச்சில் அறிவித்துவிடுகிறார்கள். இவை இரண்டும் தனித்தனி நோக்கங்கள். பல வேளைகளில் ஒன்றையொன்று கெடுப்பவை. இப்படிக் கப்பல், கான்கிரீட், கல் போன்றவற்றைக் கடலடியில் இறக்கி அமைக்கும் செயற்கைப் பாறைத்திட்டுகளை நான் எதிர்க்கவில்லை. அமைக்கப்படும் திட்டு எந்த நோக்கத்துக்கானது என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, அந்நோக்கத்துக்குரிய விதிகளோடு மட்டுமே அதற்கு அனுமதி தர வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

மீன்கள் ஏன் வருகின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். வெறும் மணற்பரப்பாகக் கிடந்த கடலடியில் கெட்டியான பொருள் ஒன்று நிமிர்ந்து நின்றால், நீரோட்டம் அதில் மோதிச் சுழல்கிறது. மிதவை உயிரிகளை உண்ணும் சிறு மீன்கள் அங்கே கூடுகின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. கொட்டலசுகளும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் ஒட்டி வளர்ந்து அங்கே ஓர் உணவுச் சங்கிலி உருவாவதற்கு மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகும். ஆகவே முதல் சில வாரங்களில் காணப்படும் பெரிய மீன்கள் அங்கே பிறந்து வளர்ந்தவையாக இருக்க வழியில்லை. அவை அக்கம்பக்கத்திலிருந்து இடம் மாறி வந்தவை. செயற்கைத் திட்டு மீனைப் பெருக்குகிறதா, இருக்கும் மீனை ஓரிடத்தில் கூட்டுகிறதா என்ற இக்கேள்வியை ஜேம்ஸ் பான்சாக் என்ற மீன்வள அறிவியலாளர் 1989இல் விரிவாக எழுப்பினார். பாறையை விட்டு அகலாத, இடப்பற்றாக்குறையால் எண்ணிக்கை கட்டுப்பட்ட இனங்களுக்குத் திட்டு உண்மையான பெருக்கத்தைத் தரக்கூடும் என்பதும், ஏற்கெனவே மிகையாகப் பிடிக்கப்பட்டுக் குறைந்துபோன இனங்களுக்கு அது பெரும்பாலும் கூடுமிடமாகவே அமையும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேறுபாடு செல்லுபடியாகிறது என்றே கருதுகிறேன்.

பெருக்கம் நடக்கவே நடக்காது என்பாரும் உண்டு, அதுவும் சரியன்று. கலிஃபோர்னியக் கடலிலுள்ள எண்ணெய்த் துரப்பண மேடைகளின் இரும்புக் கால்களைச் சுற்றி, கடலடிப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் உருவாகும் மீன் உற்பத்தி, அதுவரை உலகில் அளவிடப்பட்ட கடல் வாழிடங்களில் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று என 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலடியிலிருந்து நீர்மட்டம் வரை எழும் அந்த உயரம் குஞ்சுகள் வந்து தங்க இடமளிப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த மேடைகளில் கண்ட பலனை, ஆழமும் இனங்களும் வேறான ஓரிடத்தில் உடைந்த கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு எதிர்பார்ப்பது நியாயமாகாது.

என் கவலையின் மையம் தூண்டில்தான். திட்டு எங்கே அமைந்துள்ளது என்பதை அதிகாரிகளே ஜிபிஎஸ் எண்களாக வெளியிடுகிறார்கள். பரந்த கடலில் சிதறிக் கிடந்த மீன் இப்போது ஒரு புள்ளியில் நிற்கிறது. அந்தப் புள்ளி எல்லாப் படகுகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் மீன் அதிகமாவதைக் கண்டு கடலில் மீன் பெருகிவிட்டதாக மகிழ்கிறோம். உண்மையில் பிடிப்பது எளிதாகியிருக்கிறது, அவ்வளவே. சங்கரா வகையைச் சேர்ந்த ரெட் ஸ்னாப்பர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ வளைகுடாவில் 1950களிலேயே, அலபாமா கடற்கரையின் வாடகைப் படகுக்காரர்கள் 250 பழைய கார்க் கூடுகளை இறக்கித் திட்டு அமைத்தது பெரும்பாலும் இம்மீனைக் கருதியே. அது 50 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது; வயது முதிர்ந்த பெரிய பெண் மீன், இளம் மீனைவிடப் பன்மடங்கு முட்டையிடக்கூடியது. அத்தகைய மீன்கள் வந்து தங்கும் இடத்தையே நாம் படகுகளுக்குக் காட்டிக்கொடுக்கிறோம். பிடித்துவிட்டு விடுவித்தாலும் தீங்கு தீர்ந்துவிடுவதில்லை. ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை விரிந்து, வயிறு வாய்வழியே வெளித்தள்ளி, கண்கள் பிதுங்கிவிடுகின்றன. மேற்பரப்பில் விட்டால் அதனால் மீண்டும் ஆழத்துக்குச் செல்ல முடிவதில்லை. வளைகுடாவின் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் பாறை மீன் பிடிக்கச் செல்வோர், அதை ஆழத்துக்கே இறக்கி விடுவிக்கும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் விதித்தது. ஆழமான திட்டுகள் உள்ள எல்லா நாடுகளும் இதை ஏற்க வேண்டும்.

பொருள் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் நடந்தவை எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. 1970களில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு எதிரே 20 லட்சம் வரையிலான டயர்களை நைலான் பட்டைகளாலும் உலோகப் பிடிப்புகளாலும் கட்டி இறக்கினார்கள். பிடிப்புகள் அரித்துப் போயின. டயர்கள் அலைகளோடு உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளத்திட்டில் மோதி அதைச் சிதைத்தன. அவற்றை முக்குளிப்பாளர்களைக் கொண்டு எடுக்கும் வேலை 2007க்குப் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. வீண்பொருளைக் கழிக்கும் ஆசை வாழிடம் என்ற பெயரை அணிந்துகொண்டதன் விளைவு அது. திட்டுக்காக இறக்கப்பட்ட நியூயார்க்கின் பழைய சுரங்க ரயில் பெட்டிகளில் கார்பன் எஃகால் ஆனவை டெலவேர் கடலில் 2001 முதல் ஓரளவு தாக்குப்பிடித்தன. நியூ ஜெர்சிக்கு வந்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளோ சில மாதங்களிலேயே நொறுங்கத் தொடங்கின. 2006இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஓரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மின்கம்பி உறைகளில் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் எஞ்சியிருந்தது தெரிந்தே அனுமதி தரப்பட்டது. மக்கள் பிடித்து உண்ணும் மீனுக்கு வீடாகப் போகும் பொருளில் அத்தகைய நச்சை ஏற்றுக்கொள்வது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

கலிஃபோர்னியாவின் சான் கிளமென்டே அருகே உள்ள வீலர் நார்த் திட்டு, சரியாகச் செய்வது எப்படி என்பதைக் காட்டுகிறது. சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரைப் பயன்படுத்தியதால் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசிக் காடு சேதமுற்றது. அதற்கு ஈடாக, மின் நிறுவனத்தின் செலவில் கல் பரப்பி அமைக்கப்பட்ட திட்டு 2008இல் நிறைவுற்றது. அதில் இருக்க வேண்டிய மீனின் மொத்த எடை 28 டன் என்று முன்கூட்டியே வரையறுத்து, அருகிலுள்ள இயற்கைத் திட்டுகளையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் அளந்தார்கள். அந்த அளவை எட்டத் தவறியதால், 2020 வாக்கில் திட்டைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. தோல்வி என்றால் என்ன என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்ததால்தான் இது நடந்தது.

வாழிடம் என்று அறிவிக்கப்படும் திட்டில் பாறை மீன்களைப் பிடிக்கத் தடை இருக்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. தென் கரோலினாவுக்கு அப்பால் சார்ல்ஸ்டன் ஆழ்கடல் செயற்கைத் திட்டுப் பகுதியில் 2009 முதல் அடித்தள மீன்களைப் பிடிக்கத் தடை உள்ளது. மேல்நீரில் ஓடும் மீன்களைப் படகில் தூண்டிலிழுத்துப் பிடிக்க மட்டும் அனுமதி உண்டு. மீன்பிடித் தளம் என்று அறிவிக்கப்படும் திட்டிலோ, பிடிக்கும் அளவுக்கு உச்சவரம்பும், பிடிபட்டதைப் பதிவுசெய்யும் கடமையும் வேண்டும்.

தூண்டில்காரர்களின் உரிமையை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் மீன்பிடிக் கருவிகள் மீது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்படும் வரிப்பணத்திலிருந்து மாநிலங்களின் திட்டுப் பணிகளுக்குச் செலவிடப்படுகிறது. பணம் தருபவர்களுக்குத் தளம் கேட்கும் நியாயம் உண்டு. அதே நிதியிலிருந்து, திட்டு அமைத்த பிறகு குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு முக்குளித்து மீன்களைக் கணக்கெடுக்கவும், அட்லாண்டிக்கில் அயலிலிருந்து வந்து இத்திட்டுகளில் பெருகிவிட்ட சிங்கமீன்களை அகற்றவும், அறுந்து சிக்கிய தூண்டில் நரம்புகளையும் கொக்கிகளையும் எடுக்கவும் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று அவர்களே முன்வந்து கேட்க வேண்டும். அதற்கான தொகை ஒதுக்கப்படாத எந்த விண்ணப்பத்தையும் அனுமதி வழங்கும் துறை திருப்பி அனுப்ப வேண்டும்.