அவுஸ்திரேலியா துவக்கு வாங்கிய கதை: பாதிதான் உண்மை

‘அவுஸ்திரேலியாவில் விரும்பியவர்களிடம் மட்டும் காசு கொடுத்துத் துவக்கு வாங்கினார்கள், துவக்குச் சாவே நின்றுவிட்டது’ என்று ஹட்டன் பக்கத் தோட்டங்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. காசு கொடுத்தது சரி. மற்ற இரண்டும் பிழை.

1996 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின், ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறும் அரைத்தானியங்கித் துவக்குகளில் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன. அவற்றை ஒப்படைப்பது கட்டாயம். கொடுத்த காசு நட்டஈடு. சுமார் 6,50,000 துவக்குகள் அழிக்கப்பட்டன. உரிமமும் பதிவும் கடுமையாயின. சாவுகள் குறைந்தன, நிற்கவில்லை. 1996க்கு முன்பே அவை குறைந்துகொண்டுதான் இருந்தன.

விருப்பத்தின் பேரில் வாங்குவது அமெரிக்க நகரங்களின் வழக்கம். அங்கே பெரும்பாலும் வருவது பரணில் கிடந்த பழசு. குற்றம் குறைந்ததற்கு ஆய்வுகளில் வலுவான சான்றில்லை.

நம் மலையகத்தில் ஆளை முடமாக்குவது பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு. குழாயில் செய்து, புதருக்குள் கட்டி, பாதைக்குக் குறுக்கே கயிறு இழுத்திருப்பார்கள்; கயிற்றில் கால் பட்டால் வெடிக்கும். கொழுந்தெடுக்கப் போகிறவருக்கோ விறகுக்குப் போகிறவருக்கோ அது தெரியாது. அனுமதியில்லாத அதைப் பொதுமன்னிப்பு இல்லாமல் யார் பொலிசுக்குக் கொண்டுபோவார்? மன்னிப்போடு நல்ல விலையும் கொடுத்தால், அப்புறம் விற்பதற்கென்றே நாலு குழாயை அறுக்கவும் ஆள் வரும்.