ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தியக் குடிமகன் ஆகிவிட முடியாது

"ஐரோப்பிய கவுன்சில் தலைவர் அந்தோனியோ கோஸ்டா இந்தியக் குடிமகன், ஒரு இந்தியர்தான் இன்று ஐரோப்பாவை ஆள்கிறார்" என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். இது தவறு.

கோஸ்டா போர்ச்சுகல் குடிமகன். 1961 ஜூலையில் லிஸ்பனில் பிறந்தவர். அவரிடம் இருப்பது ஓ.சி.ஐ. (Overseas Citizen of India) அட்டை. வெளிநாட்டில் வாழும் நம் சொந்தக்காரர்கள் பலரும் வைத்திருக்கும் அதே அட்டைதான். அது ஆயுட்கால விசா மாதிரி. விசா எடுக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது.

அவருடைய அப்பா ஓர்லாந்தோ ட கோஸ்டா, கோவாவின் மட்காவ் நகரில் வளர்ந்த எழுத்தாளர், போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியை எதிர்த்தவர். அவர் லிஸ்பனுக்குப் போனபோது கோவா போர்ச்சுகல் வசம் இருந்தது. இந்தியாவோடு இணைந்தது 1961 டிசம்பரில்தான், அதாவது மகன் பிறந்து சில மாதங்கள் கழித்து. ஆக, "இந்தியாவிலிருந்து குடியேறியவரின் மகன்" என்பதையும் கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும்.

தன் இந்திய வேர்கள் மீது கோஸ்டாவுக்கு இருக்கும் பெருமிதத்தை நான் சந்தேகிக்கவில்லை. 2017 ஜனவரியில் போர்ச்சுகல் பிரதமராக இந்தியா வந்தபோது மட்காவில் உள்ள குடும்ப வீட்டுக்கும் போனார். அப்புறம், கவுன்சில் தலைவர் ஐரோப்பாவை "ஆள்வதில்லை". ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் தலைவர்கள் கூடும் கூட்டங்களை நடத்தி, அவர்களுக்குள் உடன்பாடு கொண்டுவருவதுதான் அவர் வேலை. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், இதை நம்பிப் பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.