மேசை காலியாக இருந்தால் போதுமா?

எங்கள் ஜவ்வரிசி மில் ஆபீஸில் 'ஃபைவ் எஸ்' (இடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து படி முறை) என்று சொல்லி என் மேசையைச் சுத்தம் செய்து, குரூப்பில் போட்ட 'முன்பு - பின்பு' படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள், சிரிக்கிற முகம் போட்டு. ஆமாம், 'முன்பு' படத்தில் இருப்பது என் மேசைதான். அந்தக் குவியலும் என்னுடையதுதான்.

சனிக்கிழமை நான் லீவு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேசைமேல் கம்ப்யூட்டர், பேனா ஸ்டாண்ட், ஒரு மணி பிளான்ட். கல்யாண மண்டப வாசலில் போடுகிற மேசை மாதிரி இருந்தது. பன்னீர்ச் சொம்பு ஒன்றுதான் குறை.

பதினொரு மணிக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். போன வாரம் மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு இறக்கியவர். "ஏம்மா, 26 பாயிண்ட்னு சொன்னாங்க. பணம் 24க்குத்தான் வந்திருக்கு. சீட்டைக் கொஞ்சம் பாரும்மா" என்றார். ஜவ்வரிசி மில்லில் எடையை மட்டும் வைத்து விலை போடுவதில்லை, கிழங்கில் மாவு எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள். ஒரு லோடுக்கு இரண்டு பாயிண்ட் என்றால் அவருக்குச் சின்னக் காசு இல்லை. முன்பு என் மேசையில் இடது பக்கம் சீட்டுகளைக் குத்தி வைக்க ஒரு கம்பி இருக்கும். தீர்ந்த சீட்டு அடியில், தகராறு உள்ளது மேலே. பார்க்காமலே எடுப்பேன். அன்றைக்கு அவரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன். கடைசியில் 'இதர' என்று அழகாக லேபிள் ஒட்டிய பெட்டியில் சீட்டு கிடைத்தது. 26தான்.

நான் கேட்பது ஒன்றுதான். கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க முடிந்ததா?

"ஃபைவ் எஸ் ஜப்பான்காரன் கண்டுபிடித்தது, அவனுக்கே பாடம் எடுக்கிறாயா?" என்று ஒருவர் கேட்பார். இல்லைங்க, அவன் சொன்னதைத்தான் செய்யச் சொல்கிறேன். முதல் எஸ், வேண்டியது வேண்டாதது பிரிப்பது. இரண்டாவது, வேண்டியதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது. துடைப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. சந்தேகமான பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டித் தனியே வைத்து, புழங்குகிற ஆளைக் கேட்ட பிறகுதான் தூக்க வேண்டும். இங்கே நேராகத் துடைப்பத்தில் ஆரம்பித்து போட்டோவில் முடித்துவிட்டார்கள். ஜிஎஸ்டி கணக்கை, ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். என் மேசையிலிருந்த அந்தக் கணக்குக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் நின்றது வாட்ச்மேன் அண்ணன் புண்ணியம்.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை. சாயந்திரம் அவரே கூட்டுவார், எங்களை விடமாட்டார். கூட்டிய குப்பை தகர டப்பாவுக்குப் போகும். அரம் போடும்போது சிதறிய வெள்ளி அதில்தான் இருக்கிறது, சேர்த்து வைத்து உருக்கக் கொடுப்பார். ஒரு தீபாவளிக்கு வந்த அத்தை, "இந்தக் குப்பையை எதுக்கு வெச்சிருக்கீங்க" என்று நல்ல மனசோடு சாக்கடையில் கொட்டிவிட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடைச் சேற்றை முறத்தில் அள்ளினார். திங்கட்கிழமை அந்தக் காலி மேசை முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு அந்த முறம்தான் ஞாபகம் வந்தது.

"நீ லீவு போட்டால் வேறு யார் எடுப்பது?" நியாயமான கேள்வி. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தப்புதான். சரி, ஆனால் ஒரு போன் போட்டிருக்கலாமே? நான் ஏற்காட்டில் சின்னம்மா வீட்டில்தான் இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் டவர் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் என்னிடம் ஒருவரைக் காட்டி 'அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றார்களே, அந்தப் பளபள மேசைக்காரர். அவர் மேசை ஏன் காலி தெரியுமா? அவருக்கு வருகிற பேப்பர் எல்லாம் "அக்கா, கொஞ்சம் பார்த்துடுங்க" என்று என் மேசைக்கு வந்துவிடுகிறது. குவியலில் பாதி அவருடையது. படத்தில் அது தெரியாது.

வீட்டிலும் இதே கதைதான். நேற்று ராத்திரி பையன் உள்ளே இருந்து, "அம்மா, ஆதார் ஜெராக்ஸ் எங்கே?" என்றான். தோசையைத் திருப்பிக்கொண்டே, "பீரோ, ரெண்டாவது தட்டு, மஞ்சப்பை, கல்யாணப் பத்திரிகைக்கு அடியில" என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேஸ் புக், கரண்ட் பில், மாமியாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மீதி, எல்லாம் என் தலைக்குள் அடுக்கி இருக்கிறது. பதினெட்டு வருஷமாக. அதை யாரும் போட்டோ எடுத்து குரூப்பில் போடவில்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளப் பதிவா?" என்று கேட்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். உங்கள் மேசை காலியாகத்தான் இருக்கும், நல்லா இருங்கள்.

பெரியவருக்கு மீதிப் பணம் போட்டாயிற்று. மணி பிளான்ட்டை இன்று காலை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். கம்பி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. படம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை நான் நாற்காலியில் இருக்கும்போது.