“தலை ஸ்கேன்ல ஒண்ணுமில்ல” – எந்த ஸ்கேன், எந்த இடம்?

“தலையில ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாவ.” நெல்லையில் வண்ணார்பேட்டையிலிருந்து ஹைகிரவுண்டு வரை ஸ்கேன் கவரோடு அலையும் அண்ணாச்சிகளிடமும் பெரியம்மாக்களிடமும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பார்ப்பதெல்லாம் திடீரென்று ரெண்டாகத் தெரிகிறது, சுகர் இருக்கிறது, கண்டிராஸ்ட் ஊசி (படத்தில் கோளாறு எடுப்பாகத் தெரிய ஏற்றும் மருந்து) போடாத சி.டி. ஸ்கேன் நார்மல். ஆகவே சுகரால் கண் நரம்பு தளர்ந்துவிட்டது. இந்தக் கணக்கு பல பேருக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்தவருக்கு இதே கணக்கைப் போடுவது தப்பு, அந்தப் புற்றே கண் பக்கம் பரவியிருக்கலாம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஒரு கண்ணை மூடியும் ரெண்டாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் புரை, கண்ணாடிக் கோளாறு. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் நரம்பு அல்லது தசை. சுகரால் வரும் நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் 3 மாதத்தில் சரியாகும். ஆகாவிட்டாலோ, முகம் மரத்தாலோ, இன்னொரு நரம்பும் சேர்ந்து விழுந்தாலோ சுகர் மேல் பழி போடக்கூடாது.

கண்குழிக்கும் மண்டையோட்டு அடித்தளத்துக்கும் (மூளையைக் கீழிருந்து தாங்கும் எலும்பு) அதிகம் பரவுபவை மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுகள். கண் துருத்தும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். மார்பகப் புற்றில் ஒரு வகை நாராக இறுகி, கண்ணை உள்ளே இழுத்துவிடும். அப்போது நல்ல கண்தான் துருத்தியது போலத் தோன்றும், தைராய்டு டெஸ்ட் எழுதி அனுப்புவார்கள்! கீழுதடும் நாடியும் (மோவாய்) ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால் பல் டாக்டரிடம் ஓடுவோம். பல்லில் குறையில்லை என்றால் தாடை எலும்பையும் மண்டை அடித்தளத்தையும் பார்த்தாக வேண்டும். பிடரியில் ஒரு பக்கம் வலி, நீட்டிய நாக்கும் அதே பக்கம் கோணுகிறது என்றால் பிடரி எலும்பில் சந்தேகம் வரவேண்டும். கிரீன்பெர்க் என்ற டாக்டரின் குழு 43 நோயாளிகளை வைத்து 1981-லேயே மண்டை அடித்தளப் பரவலை இடவாரியாகப் பிரித்து எழுதிவிட்டது.

அசல் கோளாறு ஸ்கேன் சீட்டில். ‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்று மட்டும் இருந்தால் 5 மி.மீ. துண்டுகளாக மூளையைத்தான் எடுப்பார்கள். ‘ஆர்பிட் (கண்குழி), ஸ்கல் பேஸ் (மண்டை அடித்தளம்), 3 மி.மீ. துண்டு, கண்டிராஸ்டுக்கு முன்னும் பின்னும், ஃபேட் சப்ரஷனோடு (கொழுப்பை இருட்டாக்கும் முறை)’ என்று இருக்கணும். பழைய புற்று விவரமும் அதே சீட்டில் ஏறணும். கண்குழி பூராவும் கொழுப்பு, எம்.ஆர்.ஐ.யின் டி1 வகைப் படத்தில் அது வெள்ளை. ஊசி ஏறிய புற்றும் வெள்ளை. கொழுப்பை இருட்டாக்கினால்தான் புற்று தனியாகத் தெரியும். அடித்தள எலும்பில் கதை நேர் தலைகீழ்: பெரியவர்களுக்கு அங்கே மஜ்ஜை ஊசிக்கு முந்திய படத்திலேயே வெள்ளையாக இருக்கும், புற்று ஏறிய இடம் கறுக்கும். ஊசிக்கு முந்திய படத்தை விட்டால் இது கைநழுவும். எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க 1 மி.மீ. துண்டுகளில் சி.டி. ஊசிக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட், சுகர்காரருக்கு முக்கியமாக.

பெட் ஸ்கேனை (குளுக்கோஸ் போன்ற மருந்தை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடத்தைக் காட்டும் ஸ்கேன்) நம்பி இருக்கவும் முடியாது. மூளையே குளுக்கோஸை உறிஞ்சிப் பளபளக்கும், பக்கத்திலிருக்கும் சின்னக் கட்டி அதில் மறையும். தவிர, வழக்கமான பெட் மண்டை அடியிலிருந்து தொடை வரைதான். கண்ணே படத்துக்கு வெளியே!

பயாப்ஸிக்கு (சதை எடுத்துச் சோதிப்பது) முன் ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் இறங்கும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் லிம்போமாவாக (நிணநீர்ப் புற்று) இருந்தால் கட்டி கரைந்து, எடுத்த சதையில் ஒன்றும் தெரியாது. கறுப்புப் பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு தீயில் ஊற்றிய நெய். சுகர்காரருக்கு மூக்குக்குள் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். பார்வை வேகமாகக் குறைந்தால் பயாப்ஸி வரை காத்திருக்க முடியாது, அது டாக்டரின் முடிவு.

எடுத்த சதை 10% ஃபார்மலினில், சதையைப்போல் பத்து மடங்கு அளவில் கிடக்கணும். மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், பரவிய இடத்தில் அவை மாறியிருக்கலாம்.

மதுரைக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ போகிறவர்கள் பழைய ஆபரேஷனில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்கேன் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் எல்லாத் துண்டையும் அச்சடிப்பதில்லை, முழுசும் தட்டில்தான் கிடக்கும்.