பாலம் இருக்கட்டும், முதலில் கப்பலை விடுங்கள்

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் சாலை போடப்போகிறோம் என்று இனி எந்த அரசும் அறிவிக்க வேண்டாம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்ததும் அப்போதைய பிரதமர் ரணில் விக்ரமசிங்க பாலம் பற்றிப் பேசினார். அப்போது இங்கே முதல்வராக இருந்த ஜெயலலிதா பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தார், பேச்சு அடங்கியது. 2015இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, பாலமும் கடலடிச் சுரங்கமும் சேர்ந்த திட்டம் என்றும் ஆசிய வளர்ச்சி வங்கி பணம் தரத் தயார் என்றும் சொன்னார். சுமார் 24 ஆயிரம் கோடி ரூபாய் ஆகும் என்று செய்தி வந்தது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று கொழும்பு மறுத்தது. 2023 ஜூலையில் ரணில் டெல்லி வந்தபோது மறுபடியும் தரைவழி இணைப்பு, மறுபடியும் சாத்தியக்கூறு ஆய்வு. அடுத்த ஆண்டு இலங்கையில் ஆட்சி மாறியது, அந்தச் சூடும் தணிந்தது.

இது வராததில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடலில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருபக்கம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது, பாம்பன் பயணிகள் ரயிலை அலை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. அங்கே தூண் நடுவதற்கு முன்னால் இரு கரை மீனவர்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டாமா? டெல்லியும் கொழும்பும் மட்டும் பேசி முடிக்கிற விஷயமா இது?

என் ஆதங்கம் வேறு. வராத பாலத்தைப் பேசிப் பேசியே, ஓடிக்கொண்டிருந்த கப்பலை மறந்துவிட்டோம்.

வெள்ளைக்காரன் காலத்திலும் சேதுத் திட்டுகள் மேல் ரயில் பாலம் போடத்தான் முதலில் யோசித்தார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். ஆனால் அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1914இல் பாம்பன் பாலத்தைத் திறந்து, தனுஷ்கோடி வரை ரயிலைக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலை விட்டார்கள். அதுதான் போட் மெயில். எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேற வேண்டும், தலைமன்னார் துறையில் கொழும்பு ரயில் காத்திருக்கும். ஊர் அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையின் மலையகத்தை விட்டு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்திறங்கியது இந்த வழியில்தான். எண்பதுகளில் போர் வந்தது, கப்பலும் நின்றது.

இன்றைய நிலையைப் பாருங்கள். போரில் அழிந்த தலைமன்னார் ரயில்பாதை இந்தியாவின் உதவியோடு 2015இல் திரும்ப வந்துவிட்டது. இந்தப் பக்கம் 2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாயிற்று. 2025இல் பாம்பனில் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. அரிச்சல்முனையில் அசோகத் தூண் நிற்கிற ரவுண்டானாவைச் சுற்றி வண்டிகள் திரும்பிக்கொண்டே இருக்கும். காற்றடித்தால் சாலையோரமெல்லாம் மணல் ஏறிக்கிடக்கும். சில நேரம் செல்போன் தானாகவே இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரை அவ்வளவு பக்கம், சுமார் 30 கிலோமீட்டர்தான்.

ஆனால் மண்டபம் அகதி முகாமில் இருப்பவர் மன்னாரில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போய், விமானத்தில் கொழும்பு இறங்கி, அங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிற மனிதர் இவ்வளவு காசுக்கு எங்கே போவார்?

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலம் என்று சில நாட்களிலேயே நின்றதைச் சிலர் காட்டுவார்கள். சரி, நின்றது. 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடவும் செய்தது. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நிறுத்திவிட்டு மற்ற மாதங்களில் ஓட்டுங்கள், யார் குறை சொல்லப்போகிறார்கள்? ராமேஸ்வரம் - தலைமன்னார் தூரம் அதைவிட மிகக் குறைவு. தேவைப்படுவதெல்லாம் இரு கரையிலும் உறுதியான இறங்குதுறை, ஆழம் குறைந்த கடலுக்கு ஏற்ற கப்பல், சுங்கச் சோதனைக்கும் குடியேற்றச் சோதனைக்கும் ஓர் அலுவலகம், ஏழைக்கு எட்டுகிற கட்டணம். 24 ஆயிரம் கோடியில் ஒரு சின்னத் துளி போதும் இதற்கு. அடுத்த முறை இரு நாட்டுத் தலைவர்களும் சந்திக்கும்போது, பாலத்துக்கு இன்னோர் ஆய்வு அறிவிப்பதற்குப் பதிலாக, ராமேஸ்வரத்திலிருந்து முதல் கப்பல் புறப்படும் தேதியைச் சொல்லட்டும்.