மஞ்சள் காய்ச்சல் அட்டையை மறக்காதீர்கள்
மே கடைசியில் கென்யா போனால் செலவு குறையும் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவது சரிதான். ஆனால் மழை ஓய்ந்தாலும் அங்கே வனவிலங்கு பார்க்கப் போகும் மாசாய் மாரா காப்பகத்தின் கரிசல் மண் சீக்கிரம் காயாது. வண்டித்தடத்தில் சேறு அப்பிக்கொண்டு சக்கரம் சும்மா சுற்றும். அதனால் சாதாரண வேன் வேண்டவே வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கிற லேண்ட் குரூசர்தான் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். புல்லும் உயரமாக நிற்கும். சிவிங்கிப்புலி படுத்திருந்தால் காதுநுனி மட்டும்தான் தெரியும். வில்டபீஸ்ட் என்கிற, மாடு போல இருக்கும் மான் கூட்டம் பெரும்பாலும் ஜூலையில்தான் வரும்.

இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், தயவுசெய்து கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பிளாஸ்டிக் பைக்கு கென்யாவில் 2017 முதல் தடை. ஈரத்துணிக்குத் துணிப்பையே எடுத்துப்போங்கள்.