பெரியம்மா அழுததில் உங்களுக்கு என்ன சிரிப்பு?

எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறதே, அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆச்சி மனோரமா படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றி, பக்கத்தில் ஒரு வயதான அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற படம். மேலே எழுதியிருந்ததும் உங்களுக்குத் தெரியும்: 'மாமியார் செத்தப்பகூட இப்படி அழுதிருக்காது'. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பந்தலூர்க்காரர்கள் உண்டு, கூடலூர்க்காரர்கள் உண்டு, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்களும் உண்டு.

அழுவது என் பெரியம்மா. மாமியார் செத்தபோதும் அழுதார், நான் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்குப் படம் எடுக்க நீங்கள் யாரும் வரவில்லை.

அழுதது தப்பா? இது ஒன்றுதான் என் கேள்வி. அக்டோபர் 10 ஆச்சி இறந்த நாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு படம், ஒரு மாலை, எல்லோருக்கும் சுண்டல் என்று செய்தார்கள். கட்சிக்காரர் ஒருவரும் தரவில்லை, கேட்கவும் இல்லை. அதனால் 'ஃபிளெக்ஸ் காசு எங்கிருந்து வந்தது' என்று கேட்ட அண்ணன் நிம்மதியாகத் தூங்கலாம்.

'சினிமாக்காரிக்கு எதுக்கு இவ்வளவு' என்கிறார்கள். சரி. 1987-இல் எம்.ஜி.ஆர் இறந்தபோது தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர் மொட்டை போட்டார்கள்! உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ போட்டிருப்பார். அதை இன்றைக்கும் பெருமையாகத்தானே சொல்கிறீர்கள்? 'அவர் தலைவர், அது வேற' என்பீர்கள். வேறாகவே இருக்கட்டும். நடிகருக்கு ஆண்கள் மண்ணில் புரண்டு அழுதால் விசுவாசம், நடிகைக்கு ஒரு கிழவி கண்ணைத் துடைத்தால் காமெடி. இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆச்சி எங்கள் லைனுக்கு முதலில் வந்தது குரலாகத்தான். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. ஊர் போனது, சொந்தம் பாதி அங்கேயே நின்றது, இலங்கை வானொலி மட்டும் கூடவே வந்தது. அதில் முழுப் படத்தையும் ஒலிச்சித்திரமாகப் போடுவார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே கேட்பார்கள். முகம் தேவைப்படவில்லை. பெரியம்மா இரண்டு வரியிலேயே 'ஆச்சி வந்துட்டாங்க' என்று சொல்லிவிடுவார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி மாதிரி இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவார். பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இன்னும் சத்தமாகப் பேர் கூப்பிடுவார். நான் அந்தப் படத்தை டிவியில் பார்த்தது ரொம்பப் பின்னால். பார்த்தபோது, ஆச்சி எங்கள் பெரியம்மாவைப் பார்த்து நடிக்கிறார் என்றே நினைத்தேன்!

ஆச்சி இறந்தது 2015-இல், ஒரு சனிக்கிழமை ராத்திரி. எங்களுக்குச் செய்தி தெரிந்தது ஞாயிறு காலை. வேலை இல்லாத நாள், சந்தைக்குப் போகிற நாள். பெரியம்மா பையை மடித்து வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சிரிப்பு வரவில்லை.

ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தார், கின்னஸில் பேர் வந்தது, 2002-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்பதெல்லாம் பெரியம்மாவுக்கு முக்கியமில்லை. அவருக்குத் தெரிந்தது வேறு. பள்ளத்தூரில் அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்த பெண், சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறினார். நாடகக்காரரைக் கல்யாணம் செய்தார். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் புருஷன் விட்டுவிட்டுப் போனார். கைக்குழந்தையோடு திரும்பவும் மேடை. 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி கடைசிவரை ஊரையே சிரிக்க வைத்தார். பெரியப்பாவும் அப்படித்தான், திருப்பூருக்கு என்று போனவர் திரும்பி வரவில்லை. மகனை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவர் பெரியம்மா. இதை அவர் யாரிடமும் ஒப்பிட்டுச் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன், உங்களுக்குப் புரியவேண்டுமே என்று. ஏன் புரிய வைக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

ஒரு தோழி மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார்: 'அந்தக் காலத்து நகைச்சுவையே பெண்ணின் தோற்றத்தைக் கேலி செய்வதுதானே, அதைக் கொண்டாடலாமா?' நியாயமான கேள்விதான். 'சின்ன கவுண்ட'ரில் பல்லைத் துருத்திக்கொண்டு வந்த வேஷத்தை நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பல்லை மறக்கடித்து உங்களை அழவும் வைத்தாரே, அதையும் சொல்லுங்கள். மிச்சத்தை ஒருநாள் டீ குடித்துக்கொண்டே பேசுவோம். இன்று அந்தப் பேச்சுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

'மலையில் வேலை இல்லை, கூலி போதவில்லை, யானை வருகிறது, அதற்கு அழுங்கள்' என்று ஒரு சமூக ஆர்வலர். ஐயா, அதற்கும் அழுகிறோம். நேரம் ஒதுக்கித்தான் அழுகிறோம்.

உண்மையில் எனக்கு எரிகிற இடம் இதுதான். சீசனுக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, கேட்காமலே எங்கள் பெண்களைப் படம் எடுப்பார்கள். பச்சைத் தோட்டம், முதுகில் கூடை, கொஞ்சம் பனி, 'சோ க்யூட்' என்று ஒரு வரி. பெரியம்மா முகம் எத்தனை பேர் போனில் இருக்கிறதோ தெரியாது. கொழுந்து பறித்தால் அழகு, அழுதால் கேலி. வெளியூர்க்காரன் செய்தால்கூட விடலாம். நீங்கள் அதே லைனில் வளர்ந்தவர்கள். பெரியம்மா கையால் சோறு தின்றவர்கள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால் வாசலில் முதல் ஆளாக நிற்பவர்கள்.

படத்தை எடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். பேர் போடவில்லை, அவன் அம்மா முகத்துக்காக. மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி, படத்தை நீக்கு. பெரியம்மாவிடம் பெரிய போன் இல்லை, இதுவரை பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் அடுத்த வருஷம் சுண்டல் அவிக்க மாட்டார்.

நீக்கும்வரை இந்தப் பதிவு இங்கேயே இருக்கும். 'ஜோக்குதானே அக்கா' என்று கமெண்ட் போட வருகிறவர்கள், முதலில் ஜில் ஜில் ரமாமணியைப் பார்த்து ஜோக் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு வரவும்.